யோகம் பயில எவ்வூர் செல்வது?

சென்ற தீபாவளித் திருநாளில், பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய அவ்வைகறையில், ஜினாலயத்தில் நிர்வாண பூசை நிறைவுற்று இல்லம் திரும்பியபின் என் மைத்துனர் ஒரு வினாவை என் முன் வைத்தார். வங்கிப் பணியில் பல்லாண்டு இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர் அவர். "மாமா, நானும் இவளும் பத்துப் பதினைந்து நாள் எங்காவது தங்கி யோகம் பயின்று வரலாம் என்று எண்ணுகிறோம். ரிஷிகேசம் போகலாமா, மைசூர் போகலாமா? நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறோம்" என்றார். நான் சிறிதும் சிந்தியாமல் "ரிஷிகேசம்" என்று விடையிறுத்துவிட்டேன். கங்கையும் இமயத்து அடிவாரமும் இருக்க வேறு ஊர் எதற்கு என்பதே அப்போது என் எண்ணம்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. மைத்துனருக்கு இரு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. அவருடைய துணைவியார் இருபது ஆண்டுகளாக இரவு உண்ணாமை நோன்பு காப்பவர். எளியேன் சில ஆண்டுகளுக்கு முன் ரிஷிகேசத்தில் ஒரு விடுதியில் எட்டு நாள் தங்கியதுண்டு. அங்கே இரவு எட்டு மணிக்குத்தான் உணவு மணி அடிப்பார்கள். அந்த எட்டு நாளும் கதிரவன் மறையுமுன் இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலும் உண்டு படுத்தவன் நான். அதை மறந்து பிறருக்கு வழி சொன்னது எவ்வளவு பிழை! மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்; ஒரு மாதம் பொறுங்கள்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் படித்தறிந்தவற்றையும் முன்னரே அறிந்தவற்றையும் இம்மலரின் அன்பர்களுக்காக இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நம் நூல்களில் யோகம் என்னும் சொல் இரு வேறு பொருளில் வழங்குகிறது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் இயக்கத்தையே யோகம் என்கிறது. வினை உயிரின்பால் ஊற்றெடுத்து வருதற்கு அதுவே வாயில். எனவே அவ்வியக்கம் முற்றும் அடங்கிய இறுதிப் படியில் நிற்பவரை அயோக கேவலி என்பர். யோகம் கற்கப் போவோரிடம் 'யோகம் அற்றவரே மேலானவர்' என்று சொன்னால் அவர்கள் மருள்வார்கள்தாம். ஆயினும் பிற்காலத்து ஆசிரியர்களாகிய ஹரிபத்திரரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் குமாரபால மன்னனுக்காக யோக சாஸ்திரம் இயற்றிய ஹேமசந்திரரும் வீட்டு நெறியையே யோகம் என வழங்கினர். ஹேமசந்திரர் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே யோகம் என்கிறார். ஆசனங்கள் பலவற்றைக் கூறியபின், எவ்விருக்கையில் மனம் நிலைக்குமோ அதுவே கொள்ளத்தக்கது என்று முடிக்கிறார். மூச்சடக்கும் முறைகளை மிக விரிவாக எழுதிவிட்டு, அதனால் மனம் வருந்துமேயன்றி அமைதி பெறாது என்று தாமே மறுப்பதும் அந்நூலில் உண்டு. இவ்விரு கருத்துகளையும் மனத்தில் இருத்திக்கொண்டுதான் ஊர்களின் வரலாற்றைப் புரட்டினேன்.

ரிஷிகேசம் பழைய யாத்திரைத் தலம். பத்ரிநாத், கேதார்நாத் செல்வோர் மலையேறத் தொடங்கும் இடம். துறவியர் குடில்கள் அங்குப் பன்னெடுங்காலமாக உண்டு. ஆனால் உலகோர் யோகம் பயில நாடும் ஊராக அது மாறியது சென்ற நூற்றாண்டில்தான். அம்மாற்றத்திற்குப் பெரிதும் காரணமானவர் ஒரு தமிழர். நெல்லைச் சீமையில் கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, மருத்துவம் பயின்று, 1913-இல் மலாயா சென்று, ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையில் பத்தாண்டுகள் பணியாற்றினார். பின் அனைத்தையும் துறந்து 1924-இல் ரிஷிகேசம் அடைந்து துறவு பூண்டு சிவானந்த சரசுவதி ஆனார். (இன்று யோகம் பயில்வோர் பலர் ரப்பர் விரிப்பை விரித்து அமர்கின்றனர். கோரைப்பாய் ஊரில் பிறந்து ரப்பர்த் தோட்டத்தில் மருத்துவம் பார்த்த அவர் அதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

அவர் வரலாற்றில் என்னை ஈர்த்தது ஒன்று. துறவியாகியும் மருத்துவத்தை விடவில்லை. தம் பழைய ஆயுள் காப்பீட்டுத் தொகையைக் கொண்டு 1927-இல் இலட்சுமண் ஜூலா அருகே இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கி, மலையேறும் யாத்திரிகர்களுக்கும் நோயுற்ற சாதுக்களுக்கும் மருந்து கொடுத்தார். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். 1948-இல் யோக வேதாந்தக் கல்விக்கென வனக் கல்விக்கூடம் அமைத்தார். இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள், பெரும்பாலும் எளிய ஆங்கிலத்தில், எழுதினார். 1963-இல் மறைந்தார். தொண்டு, நாமசெபம், நூற்பயிற்சி, தியானம் ஆகியவற்றோடு ஆசனமும் ஒன்றாக வைத்துக் கற்பித்தது அவர் முறை. உடலை வளைப்பது அங்குத் தலைமையிடம் பெறவில்லை. அவருடைய மாணவர் விஷ்ணுதேவானந்தர் 1957-இல் மேலைநாடு சென்றார்; ஆங்கில நூல்களைக் கண்டு அங்கிருந்து மக்கள் வரலாயினர்.

பின்னர் 1968 பிப்ரவரியில் 'பீட்டில்ஸ்' என்னும் ஆங்கில இசைக்குழுவினர் மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கித் தியானம் பயில வந்தனர். அதன்பின் ரிஷிகேசத்தின் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. அக்குழுவில் ஒருவர் உணவு ஒத்துக்கொள்ளாமல் இரு வாரத்திற்குள் திரும்பிவிட்டார் என்பதை உணவில் கட்டுப்பாடு உடைய நம்மவர் கவனிக்க வேண்டும். அந்த ஆசிரமமோ பிற்காலத்தில் கைவிடப்பட்டுக் காடு படர்ந்து, 2015-இல் வனத்துறை நுழைவுக் கட்டணம் வாங்கிக் காட்டும் இடமாகிவிட்டது. ஆசிரியர் நீங்கியபின் இடம் மட்டும் எஞ்சினால் எவ்வாறு இருக்கும் என்பதற்கு அக்கட்டடங்களே சான்று. ஊரோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. 'யோக நகரி' என்னும் அடைமொழியோடு ரயில் நிலையமே வந்துவிட்டது.

நம்மவர்க்கு ரிஷிகேசத்தில் ஒரு பெரும் நன்மை உண்டு. அந்நகர எல்லையில் புலாலும் மதுவும் விற்பதற்குத் தடை இருக்கிறது. முட்டை விற்பனைக்கும் தடை விதித்ததை எதிர்த்துச் சிலர் தொடுத்த வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேறு எந்தச் சுற்றுலா நகரில் இதைக் காண இயலும்? ஆயினும் ஆடி ஆவணியில் அங்குச் செல்லலாகாது. காவடி சுமந்து கங்கை நீர் எடுக்க வரும் பல இலட்சம் அடியார்களால் சாலைகள் அடைபடும் காலம் அது. நம் முனிவர்களும் அம்மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் நோற்பவர்கள் அல்லவா? அந்நாளில் பயணம் தவிர்ப்பது இரு வகையாலும் நன்று.

தில்லியிலிருந்து ரிஷிகேசம் செல்வோர் மீரட் வழியே செல்வர். மீரட்டிலிருந்து சிறிது விலகினால் அத்தினாபுரம். சாந்திநாதர், குந்துநாதர், அரநாதர் ஆகிய மூன்று தீர்த்தங்கரர்கள் பிறந்த ஊர் அது. அதற்கும் முன்னதாக, ஆறு திங்கள் அசையாது காயோத்சர்க்கத்தில் நின்ற ரிஷபதேவர், அதன்பின் நெடுநாள் முறையான உணவு கிட்டாது நடந்து, சிரேயாம்சன் அளித்த கரும்பின் சாற்றை முதன்முதலாக ஏற்ற இடமும் அதுவே என்பது நம் மரபு. அட்சய திருதியை அந்நாளின் நினைவு. ரிஷிகேசம் வரை சென்று அத்தினாபுரத்தைக் காணாது திரும்பியவர்கள் நம்மிலேயே பலர்; நானும் அவர்களுள் ஒருவன்.

இனி மைசூர். அவ்வூரின் வரலாறு வேறு வகையானது. சித்ரதுர்க மாவட்டத்தில் 1888-இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாசாரியாரை, மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரித்தார். 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. 1934-இல் 'யோக மகரந்தம்' என்னும் நூலைக் கன்னடத்தில் எழுதினார். அந்த யோகசாலையில் பயின்றோர் பெரும்பாலும் அரச குடும்பத்தைச் சார்ந்த சிறுவர்களும் இளைஞர்களும். துள்ளும் வயதினரை ஒரு மணி நேரம் ஒருமுகப்படுத்த வேண்டும்; அரண்மனை விருந்தினர் முன் செய்தும் காட்ட வேண்டும். மூச்சோடு இயைந்து ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்திற்கு இடையறாது பாய்ந்து செல்லும் வன்மையான முறை அச்சூழலுக்குப் பொருந்தியது.

அங்குப் பயின்ற மூவர் உலகை வலம் வந்தனர். ஹாசன் அருகே கௌசிகம் என்னும் சிற்றூரில் 1915-இல் பிறந்த பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கி 1948-இல் தம் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். ஆசாரியாரின் மைத்துனராகிய பி.கே.எஸ். ஐயங்கார் 1937-இல் புனேக்கு அனுப்பப்பட்டார். நோயுற்ற இளமையை உடையவராதலின் கயிறு, கட்டை, நாற்காலி முதலியவற்றைத் துணைக்கொண்டு எவரும் ஆசனம் செய்யுமாறு வகுத்தவர் அவர். இரசியப் பேரரசில் பிறந்த இந்திரா தேவி என்னும் பெண்மணி மூன்றாமவர். பெண்ணுக்கும் அயல்நாட்டினர்க்கும் இடமில்லை என்று முதலில் மறுத்த ஆசாரியார், மன்னர் பரிந்துரைத்தபின் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இன்று மைசூரின் கோகுலம் பகுதியில் அயல்நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் எழுந்து பயில்கிறார்கள். பலர் கூடியிருக்கும் கூடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வரிசையைத் தாமே செய்ய, ஆசிரியர் இடையிடையே வந்து திருத்துவார். அதற்கு உலகெங்கும் 'மைசூர் முறை' என்றே பெயர். உடல் உரமுடைய இளைஞர்க்கு மிக நன்று. முழங்கால் தேய்ந்த அறுபது வயதினர், பெயரை மட்டும் கேட்டுவிட்டு அவ்வரிசையில் சென்று நிற்பது பொருந்துமா?

இங்கேதான் வரலாறு நமக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. அரசர் மறைந்தார், நாடு விடுதலை பெற்றது, அரண்மனை ஆதரவு சுருங்கியது. யோகசாலை 1950-இல் மூடப்பட்டது. அறுபதைக் கடந்த ஆசாரியார் மைசூரை விட்டுச் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவருக்கு யோகத்தின் வழியே உதவ அழைக்கப்பட்டே அவர் வந்தார் என்பர். சென்னையில் அவர் முன் வந்து அமர்ந்தவர்கள் அரண்மனைச் சிறுவர்கள் அல்லர்; நீரிழிவினர், மூச்சு முட்டுவோர், முதியோர், கருவுற்ற பெண்டிர். ஆசாரியார் தம் முறையை மாற்றிக்கொண்டார். ஒருவர்க்கு ஒருவராகக் கற்பித்தார். மூச்சுக்கு முதலிடம் தந்தார். அவரவர் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப ஆசனத்தைச் சுருக்கியும் வளைத்தும் கொடுத்தார். பொறியியல் கற்ற அவர் மகன் தேசிகாசார் அம்முறையைத் தந்தையிடம் பயின்று 1976-இல் கிருஷ்ணமாசாரிய யோக மந்திரத்தைச் சென்னையில் நிறுவினார். ஆசாரியார் நூறாண்டு வாழ்ந்து 1989-இல் சென்னையிலேயே மறைந்தார்.

ஆக, பத்தமடைக்காரரைத் தேடி உலகம் ரிஷிகேசம் போயிற்று. மைசூர்க்காரர் நம் வாயிலுக்கே வந்தார். நாமோ மைசூருக்குப் பயணச்சீட்டு எடுக்கிறோம்!

லோணாவ்லாவையும் முங்கேரையும் பற்றிச் சிலர் கேட்பர். மகாராட்டிரத்து லோணாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் 1924-இல் கைவல்யதாமம் நிறுவி, ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் உடலில் விளைக்கும் மாற்றங்களைக் கருவிகள் கொண்டு அளந்து 'யோக மீமாம்சை' என்னும் இதழில் வெளியிட்டார். யோகத்தை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்த முன்னோடி அவர். மருத்துவ நோக்கில் பயில விழைவோர் எண்ணத்தக்க ஊர். அதன் அருகிலுள்ள பாலே குகையில் அருகரை வணங்கித் தொடங்கும் மிகப் பழைய பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. பீகாரின் முங்கேரில் சிவானந்தரின் மாணவர் சத்தியானந்தர் 1960-களில் நிறுவிய பள்ளி ஒழுங்கு மிக்கது. ஓய்வுக்காக வருவோர்க்குரியது அன்று, பயில வருவோர்க்கே உரியது. வாசுபூச்சியரின் ஐந்து கல்யாணங்களும் நிகழ்ந்த சம்பாபுரி அதே அங்க நாட்டில், பாகல்பூரை ஒட்டி உள்ளது.

நம் முன்னோர் தியானத்திற்கு இடம் தேர்ந்த முறையையும் ஈண்டு நோக்குவது தகும். சுபசந்திரரின் ஞானார்ணவம் இதற்கெனவே இடம் ஒதுக்கியுள்ளது. கயவரும் சூதாடுவோரும் குடிப்போரும் திரியும் இடம், ஆரவாரம் மிக்க இடம் ஆகியவற்றை விலக்கி, மலையுச்சி, குகை, ஆற்றங்கரை, சித்தர்கள் வீடடைந்த தலம் முதலியவற்றைக் கொள்ளச் சொல்கிறது. தியான சதகமோ மற்றொரு புறம் சென்று, மனம் உறுதிப்பட்டவர்க்கு மக்கள் நிறைந்த ஊரும் ஆளற்ற காடும் ஒன்றே என்கிறது. இரண்டும் முரண் அல்ல; தொடங்குவோர்க்கு முன்னது, முதிர்ந்தோர்க்குப் பின்னது.

இத்தேர்வைத் தமிழகக் குன்றுகளில் கண்ணாற் காணலாம். மதுரை அருகே மாங்குளத்தில், கணி நந்தன் என்னும் முனிவர்க்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் உறையுள் அமைத்த செய்தி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமியில் வெட்டப்பட்டுள்ளது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள். தலையணை போல் ஒருபுறம் சற்றே உயர்த்தி, வழவழப்பாக இழைத்தவை. குகை முகப்பில் மழைநீர் உள்ளே வழியாதவாறு பாறையில் விளிம்பு வெட்டுவதும் இத்தகைய உறையுள்களில் வழக்கம். பக்கத்தில் சுனை இருக்கும். ஊர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஊரின் ஓசை எட்டாது. கையேந்தி ஒருவேளை உண்பவர்க்கு ஊர் மிகத் தொலைவாகவும் இருத்தலாகாது. இடத்தேர்வில் இயற்கையழகு இருந்தது உண்மையே. ஆயினும் நீரும், சோறும், மழையும், உயிர்க்கு ஊறு நேராமையும் முதலில் எண்ணப்பட்டன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணா நோன்பிருந்து சந்திரநந்தி ஆசிரியர் உடல் நீத்ததைக் கூறும் கல்வெட்டின் முன் நிற்கும்போது, இடம் தேர்தல் என்பது அவர்களுக்கு எத்துணைப் பொறுப்பான செயல் என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம் கார்த்திகையில் ஒரு மாலை மைத்துனரிடமும் அவர் துணைவியாரிடமும் விரித்துரைத்தேன். கேட்டுவிட்டு அம்மையார், "அண்ணா, இவ்வளவு வரலாறு சொன்னீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்குச் சோறு போடுவார்களா என்பதை யாரிடம் கேட்பது?" என்றார். நியாயமான கேள்வி. மூவருமாக அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். கதிரவன் மறையுமுன் கிழங்கு வகை நீக்கி உணவு தர இயலுமா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? முழங்கால் மடக்க இயலாதவர்க்கு நாற்காலியில் கற்பிப்பீர்களா? கற்பிக்கும் ஆசிரியர் யாரிடம் எத்தனை ஆண்டு பயின்றவர்? இந்நான்கு வினாக்களையும் ஐந்து இடங்களுக்கு அனுப்பினோம். மூன்று இடங்களிலிருந்து வண்ண அறைகளின் படங்களும் கட்டணப் பட்டியலும் மட்டும் வந்தன. ஓரிடத்திலிருந்து விடையே இல்லை. மைசூரில் தம் இல்லத்திலேயே நான்கைந்து பேர்க்கு மட்டும் கற்பிக்கும் ஒரு மூத்த ஆசிரியர் நான்கு வினாக்களுக்கும் தனித்தனியே விடை எழுதி, இறுதியில் எக்ஸ்ரே படத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மைசூர் வேண்டாம் என்று வாதிட்ட நான் வாய் மூடிக்கொண்டேன்.

தை பிறந்ததும் சென்று பன்னிரண்டு நாள் தங்கினர். திரும்பும் வழியில், மைசூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள சிரவணபெளகுளம் சென்றனர். அம்மையார் விந்தியகிரியின் அறுநூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி, சாவுண்டராயர் பத்தாம் நூற்றாண்டில் எழுப்பிய 57 அடிப் பாகுபலியைக் கண்டு வணங்கினார். மைத்துனர் எதிரேயுள்ள தாழ்ந்த குன்றாகிய சந்திரகிரிக்கு மெல்ல ஏறினார். பன்னீராண்டுப் பஞ்சத்தை முன்னறிந்து வடபுலம் நீங்கித் தெற்கே வந்த முனிவர் சங்கத்தையும், காலப்போக்கில் அக்குன்றில் எழுநூறு முனிவர்கள் சல்லேகனை நோற்றதையும் கூறும், ஏறத்தாழ கி.பி. 600-ஐச் சார்ந்த கல்வெட்டு அங்கே உள்ளது. அதனருகே ஒரு மணி நேரம் தனியே அமர்ந்திருந்தாராம்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"படி ஏறும்போது தெரிகிறது மாமா. அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை" என்றார்.